எத்தனை நாற்காலி என்று தெரியும், என்ன நிறம் என்று தெரியாது

பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வைத்ததும் முதலில் தெரிந்தது வீட்டின் வாசனை. எங்கள் வீட்டுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது என்பதே வெளியே போய்த் திரும்பும்போதுதான் தெரிகிறது. சலவை சோப்பு, பழைய காகிதம், மாமியாரின் தைலம் எல்லாம் சேர்ந்த ஒன்று. உள்ளேயே இருப்பவனின் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும், ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூளை சில நிமிடங்களில் அதைக் கழித்துக்கட்டிவிடுகிறது. எனக்கு ஒரு ஐந்து நிமிடம் கிடைத்தது. அதற்குள் மனைவி தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "நாற்காலிக்கு உறை போடறாங்களா? என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. 24 நாள் மகளோடு இருந்து அவள் கல்யாண வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நாற்காலி 144 என்று தெரியும். மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவே எத்தனை அடி, பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும், எத்தனை மணிக்கு மேல் போனால் கூடுதல் வாடகை, எல்லாம் தெரியும். நிறம் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். "பரவாயில்லை, போய்க் குளிங்க" என்றாள். இந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

முறைப்படி போயிருக்க வேண்டியவள் அவள்தான். மாமியார் படுக்கையில் இருக்கிறார், ஒரு நாள்கூட வேறு யாரிடமும் விட்டுவிட்டு வரமுடியாத நிலை. கல்யாணத்துக்கு எப்படியும் ஏற்பாடு செய்துகொண்டு வருவாள், அதற்கு முந்தைய வேலைகளுக்கு வரமுடியாது. சரி, ஓய்வு பெற்றுச் சும்மா இருப்பவன் நான்தானே என்று கிளம்பினேன். 9 நாளில் முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னேன். சொல்லும்போது நிஜமாகவே நம்பினேன்.

திரும்பி வரும் விமானத்தில் ஒன்று கவனித்தேன். போகும்போது முடியவே முடியாததுபோல் இருந்த அதே தூரம், வரும்போது சட்டென்று தீர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, பலருக்கும் இப்படித்தான். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், திரும்பும் பயணம் 22 சதவீதம் வரை குறுகியதாகத் தோன்றுகிறது என்று வந்திருக்கிறது. வழி பழகிவிட்டதால் என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் சைக்கிளில் போனவர்கள் அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பியபோதும் அப்படியே தோன்றியதாம். போகும்போது இதோ வந்துவிடும் என்று குறைத்துக் கணக்குப் போடுகிறோம், அது இழுக்கிறது. அந்த அனுபவத்தில் சூடுபட்டு, வரும்போது இன்னும் இழுக்கும் என்று தயாராக உட்கார்ந்திருக்கிறோம், அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இதுதான்.

என் 9 நாள் 24 நாள் ஆனதும் இதே கணக்குக் கோளாறுதான். இதற்கு டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், இதற்கு முன் அதுபோன்ற வேலைகளுக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்காமல், எல்லாம் ஒழுங்காக நடந்தால் எவ்வளவு ஆகும் என்றே மனது கணக்குப் போடுகிறது. 1994-ல் மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள், ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டபோதுகூட 49 நாளைத் தாண்டவில்லை. அதாவது நம்முடைய கெட்ட கனவுகூட நிஜத்தைவிட நல்லதாக இருக்கிறது. கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நான் அலுவலகத்தில் வருஷக்கணக்காக மற்றவர்களின் மதிப்பீடுகளைச் சிவப்பு மையால் திருத்தியவன், அதனால் எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம்.

முதல் வாரம் மண்டபத்தில் போனது. மகளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். மேலாளர் "250 பேர் தாராளமா உட்காரலாம் சார்" என்றார். நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். மகளுக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்ததாம், பிற்பாடு சொன்னாள். 60 அடி நீளம், 40 அடி அகலம். வரிசையாக நாற்காலி போட்டு மேடையைப் பார்த்து உட்காருவதென்றால் அவர் சொன்னது சரி. இவர்களுக்கு வேண்டியது வட்ட மேசை. 5 அடி விட்டமுள்ள மேசையில் 8 பேர் உட்காரலாம். உட்கார்ந்திருப்பவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கவும், பரிமாறுபவர் நடுவே போகவும் ஒரு மேசைக்கும் அடுத்ததற்கும் இடையில் இன்னொரு 5 அடி வேண்டும். மேடைக்கும் அதன் முன்னால் நிற்க இடத்துக்குமாக 15 அடியைக் கழித்தால் மீதி 45. வரிசைக்கு 4 மேசை, 5 வரிசை, மொத்தம் 20. வாசலை மறிக்கும் இரண்டை எடுத்துவிட வேண்டும். 18 மேசை, 144 பேர். 250 எங்கே, 144 எங்கே. மேலாளர் பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

ஒப்பந்தத்தையும் நான்தான் படித்தேன். யாரும் படிப்பதில்லை, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுகிறார்கள். காலை 8 முதல் இரவு 10 வரை என்று போட்டிருந்தது. அந்த 14 மணி நேரத்துக்குள்ளேயே அலங்காரம் செய்கிறவர்கள் வந்து வேலையை முடிக்கவேண்டும், இரவு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டும் போகவேண்டும் என்பது நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அப்படியென்றால் விருந்தினர்கள் இருக்கப்போவது 14 மணி நேரம் இல்லை, 8 அல்லது 9. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யார் பொறுப்பு, தேதி மாறினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும், வெளியிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவர விடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கினேன். இந்த வேலையில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சரி, விடுங்கள்.

இவ்வளவு பெரிய மண்டபத்தை உறுதி செய்ய ஆன நேரம், அளந்து முடித்த பிறகு, 40 நிமிடம். அழைப்பிதழின் எழுத்துருவுக்கு மூன்று சாயங்காலம் போனது. பார்க்கின்சன் என்பவர் 1957-ல் கிண்டலாக ஒரு குழுவைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்தது: அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு சைக்கிள் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கிறார்கள். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகையைப் பற்றி எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. எழுத்துருவைப் பற்றி எனக்கும் ஒன்று இருந்தது, மாப்பிள்ளையின் அக்காவுக்கும் ஒன்று இருந்தது, அடுத்த வீட்டுக்காரருக்கும்கூட.

சண்டை வந்தது பெயர்ப் பட்டியலில். எல்லா வீட்டிலும் அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வீட்டாரும் கொடுத்ததைச் சேர்த்தால் 74 அழைப்பிதழ். பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா. அழைப்பிதழில் 'குடும்பத்துடன்' என்று ஒரு வார்த்தை போடுகிறோமே, அதுதான் வில்லங்கம். அதைத் தலைகளாக மாற்றியபோது 231 வந்தது. இதில் என் பட்டியலில் மட்டும் 61 பேர், பாதிக்கு மேல் என் பழைய அலுவலகத்து ஆட்கள். மகள் மடிக்கணினியைத் திருப்பி ஒவ்வொரு பெயராகக் காட்டிக் கேட்டாள், "அப்பா, இவர் என்னைப் பார்த்திருக்காரா?" "நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது..." "கடைசியா எப்போ இவரோட பேசினீங்க?" நான் பேசாமல் இருந்தேன். பிறகு கோபம் வந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் நான் போய் நின்றிருக்கிறேன், இது பட்டியல் இல்லை, கணக்குத் தீர்க்கிற விஷயம், உனக்குப் புரியாது என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று இரவு 11 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடிக்கணினி திறந்திருந்தது, விளக்கு போடவில்லை. அழுது முடித்த முகம். பட்டியலைப் பற்றித்தான் என்று நினைத்து, "நான் பேரை எடுத்துடறேன்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அது இல்லப்பா. எல்லாரும் என்கிட்டயே கேக்கறாங்க. நீங்க ஒருத்தராவது ஏதாவது முடிவு பண்ணுவீங்கன்னு பார்த்தா, எதைக் கேட்டாலும் உன் இஷ்டம்மா, உன் இஷ்டம்மாங்கறீங்க. அம்மாவும் போன்ல அதையேதான் சொல்றா. எனக்கு இஷ்டம் தீர்ந்துபோச்சு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன் இஷ்டம் என்பதைப் பெரிய தாராளமாக நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தில் என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. என் பெண்ணை எல்லாவற்றையும் கேட்கவேண்டும் என்று வைராக்கியமே வைத்திருந்தேன். ஆனால் அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன நடந்திருக்கிறது? பூக்காரர் கேட்கிறார், படம் எடுக்கிறவர் கேட்கிறார், சம்பந்தி கேட்கிறார், எல்லாம் அவளிடம் வந்து நிற்கிறது, உதவிக்கென்று கடல் தாண்டி வந்த அப்பா அந்தப் பந்தைப் பிடித்து மறுபடி அவளிடமே போடுகிறார், சிரித்த முகத்தோடு. இதைவிட நான் அந்த எழுத்துரு விஷயத்தில் போட்ட சண்டை மேல். அதிலாவது ஒரு முடிவு இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய பெரிய பட்டியலிலிருந்து ஐந்து வேலையை எடுத்துக்கொண்டேன். மண்டபம், மேசை நாற்காலி, வெளியூர்க்காரர்களுக்கு அறை, வண்டிகள், ஒலிபெருக்கி. இவை முழுக்க என்னுடையவை, இவற்றைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வியும் வராது, தப்பானால் திட்டு எனக்கு என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். மூன்று நாள் கழித்து ஓட்டுநர் ஒருவர் அவளுக்கு போன் பண்ணியபோது, "அதெல்லாம் அப்பா பார்த்துப்பார்" என்று சொல்லி வைத்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். என் பட்டியலில் 61 என்பது 24 ஆனது, நானே செய்தேன், அவள் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டில் என்ன பாடுபட்டார்களோ, அவர்களும் குறைத்தார்கள். கடைசியில் 139. மீதி 5 நாற்காலி, சொல்லாமல் வருகிறவர்களுக்கு.

ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது. யாரை எந்த மேசையில் உட்காரவைப்பது. மாப்பிள்ளை இதைக் கணினியிடம் கொடுக்கலாம் என்றார். பிறகு அவரே, 8 பேரை ஒரு வட்ட மேசையைச் சுற்றி 5040 விதமாக உட்காரவைக்கலாம் அங்கிள், ஒரு மேசைக்கே இவ்வளவு என்று கணக்குச் சொல்லிச் சிரித்தார். கணினி போடும், போடட்டும். எந்தப் பெரியப்பா எந்தச் சித்தப்பாவோடு பேசி எத்தனை வருஷம் ஆயிற்று, யாருக்குக் காது மந்தம், யாரை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைக்கக்கூடாது, எந்த இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் மேசையே கலகலப்பாகிவிடும், இதையெல்லாம் அதற்கு யார் சொல்லித் தருவது? எனக்கு இதில் கால்வாசி தெரியும். மகளுக்கு அதுவும் தெரியாது.

இந்த நிலையில்தான் ஊர் திரும்பினேன்.

வந்த முதல் இரண்டு நாள், மனைவி கேட்பதும் நான் முழிப்பதுமாகப் போனது. மேடைக்குப் பின்னால் என்ன வருகிறது? மாப்பிள்ளையின் அம்மா என்ன உடுத்தப்போகிறார்? மகள் மெலிந்துவிட்டாளா? நான் மண்டபத்தின் அளவுகளைச் சொன்னேன். அவள் ம் கொட்டினாள். போயிருந்த 24 நாளும் ஒவ்வொரு இரவும் போனில் பேசினோம், அவள் அனுப்பிய படங்களை மகளிடம் காட்டினேன், மகள் சொன்னதை இவளிடம் சொன்னேன், என் மனதில் நான் நல்ல தூதுவன். ஆனால் இவளுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் முடிந்துபோன விஷயங்களின் செய்தி. கேள்வி என்று ஒன்றுகூட வந்து சேரவில்லை.

மூன்றாம் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிழக்கு நோக்கித் திரும்பி வந்ததால் ஆறு மணி நேர வித்தியாசம், கடிகாரம் 3 என்றால் உடம்பு இரவு 9 என்கிறது. மனித உடம்பின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்தில் ஓடுகிறது என்று 1999-ல் அளந்து சொன்னார்கள். அது ஒரு நாளின் நீளத்தை நீட்டச் சொன்னால் நீட்டிவிடும், சுருக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். கிழக்கே வந்தால் நாள் சுருங்குகிறது, அதனால்தான் கிழக்கே வருவது சிரமம். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க எழுந்தவள் வெளிச்சத்தைப் பார்த்து வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் சமையலறைத் தரையைப் பற்றிச் சொன்னேன். போனில் சொல்லவில்லை, சொன்னால் இவள் இங்கே உட்கார்ந்து தவித்துப்போவாள் என்று. முழுசாகக் கேட்டாள். இஷ்டம் தீர்ந்துபோச்சு என்று அவள் சொன்னதைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"நான் ஏன் உன் இஷ்டம்னு சொன்னேன் தெரியுமா? இங்க இருந்துக்கிட்டு நான் ஒண்ணு சொல்லி, அது அவளுக்குத் தொந்தரவா ஆயிடக்கூடாதுன்னு. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்லாமத்தான் உங்ககிட்ட நிறம் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன், மூன்று நாளாக இன்னும் பிரிக்கவில்லை. மேலாகவே என் நோட்டு இருந்தது. மண்டபத்தின் படம் வரைந்த பக்கத்தையும், 139 பெயர்களையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். யார் எங்கே உட்காருவது என்று இன்னும் யாரும் தொடவில்லை, யாராலும் முடியவில்லை என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெயர்களைப் படித்தாள். ஆறாவது பெயரிலேயே "ஐயையோ, இவங்க ரெண்டு பேரையும் ஒரே பக்கம் வெக்கவே கூடாது" என்றாள்.

மகளுக்கு அங்கே இன்னும் தூங்கும் நேரம் ஆகவில்லை. இவள் போனை எடுத்துத் தானே தட்டச்சு செய்தாள், வழக்கமாக என்னிடம்தான் கொடுப்பாள். எந்த மேசையில் யார் என்பதை முழுக்க நான் எடுத்துக்கொள்கிறேன், நீ பார்க்கவே வேண்டாம், சரியா என்று கேட்டிருந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. "அம்மா ப்ளீஸ் எடுத்துக்கோ." அதன் கீழே இன்னொன்று: "அப்பா கையில குடுத்துடாதே."

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தாள். வரிசைக்கு நாலு. நான் வாசல் பக்கத்து இரண்டு வட்டத்தை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். மணி நாலடிக்கப் போகிறது.

"மொத்தம் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"144."

"மேலாளர் சொன்னதா, எண்ணினதா?"

"ரெண்டு தடவை எண்ணினேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு முதல் வட்டத்துக்குள் என் அத்தையின் பெயரை எழுதினாள்.